மைக்செட்காரர் பெண் கேட்ட விதம்

அவர் தம் பெயரை என்னிடம் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் எனக்குக் காதில் விழவில்லை. மூன்றாம் முறை கேட்க வெட்கமாகப் போய்விட்டது. அப்புறம் பழகிப் பழகி, ஒரே பானைச் சோற்றைப் பங்கு போட்டுத் தின்கிற அளவுக்கு ஆன பிறகு, "அது சரி, உங்க பேரு இன்னா?" என்று கேட்டால் மனிதர் என்ன நினைப்பார்? கடைசிவரை அண்ணாத்தே என்றே கூப்பிட்டு ஒப்பேற்றிவிட்டேன். ஊர் அவரை மைக்கு என்றது. ஊருக்கும் என் கதிதான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

அம்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் மைக் செட் வைத்திருந்த ஒரே ஆள் அவர். ஒரு சத்தத்தைப் பத்து சத்தமாக்கி ஊர் முழுக்க அனுப்புவதுதான் அவர் பிழைப்பு. அப்படிப்பட்டவருக்கு ஆண்டவன் கொடுத்த குரல் இருக்கிறதே, அதைக் குரல் என்றே சொல்ல முடியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் உதடு அசைவது தெரியும், சேதி வந்து சேராது. நோய் நொடி எதுவும் இல்லை, பிறந்ததிலிருந்தே அப்படித்தானாம். குழந்தையாக இருந்தபோது அவர் அழுதாரா இல்லையா என்பதே அவர் அம்மாவுக்குச் சந்தேகம் என்று ஒரு நாள் சொன்னார். அதாவது, அப்படிச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன்.

நான் அப்போது அம்பத்தூர் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தேன். சண்டைக்காலம். ஆவடியில் பட்டாளத்தார் கேம்ப் போட்டு நிரம்பி வழிந்த சமயம். ஒரு நாள் ரயிலை விட்டு இறங்கிய ஒல்லி மனிதர் ஒருவர், தோளில் பெரிய தகரக் கூம்பு ஒன்றைச் சுமந்துகொண்டு நேராக என் வண்டியிடம் வந்தார். வாயைத் திறந்தார். 'வேணாம் போ' என்று என் காதில் விழுந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வண்டி வேண்டாமென்றால் தன் பாட்டில் நடக்க வேண்டியதுதானே? வலிய வந்து வேணாம் போ என்பானேன்? என் குதிரை லச்சுமியைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அரை மைல் தாண்டி அவளுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தியபோது பார்க்கிறேன், அந்த மனிதர் வியர்க்க விறுவிறுக்கப் பின்னாலேயே வருகிறார். வந்தவர் கூம்பின் சின்ன முனையை வாயில் வைத்து, பெரிய முனையை என் முகத்துக்கு நேரே நீட்டிச் சொன்னார், "மேனாம்பேடு". அத்தனை பெரிய கூம்பு வழியாக வந்தும் அது மற்றவர்கள் சாதாரணமாகப் பேசுகிற சத்தம்தான். நான் சிரித்த சிரிப்பில் சாட்டை கைநழுவிக் கீழே விழுந்தது. அன்றிலிருந்து அவருடைய சாமான்களுக்கு என் வண்டிதான்.

சாமான் என்றால் ஏதோ நான்கு டப்பா என்று நினைத்துவிடக் கூடாது. பேட்டரி ஒன்று, உள்ளே ஆசிட் தளும்பும். அது சிந்தினால் வண்டிப் பலகை ஓட்டை, வேட்டி ஓட்டை, வேட்டிக்குள்ளே இருப்பதும் ஓட்டை. ஆம்ப்ளிபயர் பெட்டி ஒன்று. அதற்குள் போகிற கண்ணாடி வால்வுகளை ஒவ்வொன்றாகப் பழைய வேட்டித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார். என்னைத் தொடக்கூட விட மாட்டார். மைக்குக்குள்ளே கரித்தூள் இருக்குமாம். ஈரம் பட்டால் அது கட்டிக்கொண்டு மைக்கு ஊமையாகிவிடுமாம். அதனால் மழைக்காலத்தில் மைக்கை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார். ஒரு நாள் அவர் வீட்டில் உலை வைக்கலாமென்று பானையில் படியை விட்டு அள்ளினேன். படியில் அரிசியோடு மைக்கும் வந்தது. நல்லவேளை, உலையில் போடவில்லை. போட்டிருந்தால் என்னை அடித்திருப்பார், அதுவும் சத்தமில்லாமல்.

மற்ற ஊர்களில் மைக் செட்காரன் என்றால் கட்டி முடித்தவுடன் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஹலோ, ஹலோ என்று ஒரு மணி நேரம் முழங்குவான். அவனுக்கு அதுதான் கச்சேரி. இவரால் அது முடியாதே. அதற்கு ஒரு வழி வைத்திருந்தார் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு குலுங்குகிறது. ஒரு தீப்பெட்டிக்குள் சுவர்க்கோழிப் பூச்சி ஒன்றை வளர்த்தார். தினமும் அதற்கு வெள்ளரிக்காய்த் துணுக்கு. தீப்பெட்டியை மைக்குக்கு முன்னால் வைத்து மூடினால், இருட்டிவிட்டது என்று நினைத்து அந்த அசடு கிர்ரென்று ஆரம்பிக்கும். இவர் கண்ணை மூடிக்கொண்டு பந்தல் முழுக்க நடப்பார். ஓரிடத்தில் நிற்பார். தலையைச் சாய்ப்பார். திரும்பி வந்து கூம்பை நான்கு விரல் அளவுக்குத் திருப்பி வைப்பார். வேலை முடிந்தது.

முதல் தடவை அம்மன் கோயில் திருவிழாவில் இப்படிச் செய்தபோது ஊரே வெலவெலத்துவிட்டது. கன்றுக்குட்டி அளவுக்குச் சுவர்க்கோழி ஒன்று எங்கோ பதுங்கியிருக்கிறது என்று நான்கு பேர் அரிவாளோடு புதர் புதராகத் தேடினார்கள். கோயில் காரியம் பார்க்கிற பெரியவர் வந்து, முதலில் பூச்சியை அடித்துவிட்டு அப்புறம் மைக் கட்டு என்று அதட்டினார். அண்ணாத்தே என்னவோ பதில் சொன்னார். பெரியவருக்குக் கேட்டால்தானே? நான் தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன். அந்தத் திருவிழாவில் சாமியைவிடத் தீப்பெட்டியைப் பார்க்க வந்த கூட்டம்தான் ஜாஸ்தி.

அவருக்குப் பயம் என்றால் ஒன்றே ஒன்றுதான். மைக்கும் கூம்பும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்துவிட்டாலோ, சத்தம் கூட்டும் திருகைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டாலோ, ஊயென்று காதைக் கிழிக்கிற ஊளை ஒன்று கிளம்பும். அதற்கு அவர் வைத்த பெயர் நரி. நரி வந்துவிட்டால் மட்டும் அவர் ஓடுவார். லச்சுமியும் ஓடுவாள், ஆனால் வேறு திசையில். திருமுல்லைவாயல் கல்யாணம் ஒன்றில் நரி கிளம்பியபோது மாப்பிள்ளையின் தாய்மாமன் என் வண்டியில் சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். லச்சுமியைப் பிடித்து நிறுத்தி அவரை இறக்கியபோது நாங்கள் ஆவடியில் இருந்தோம். தாலி கட்டுகிற நேரத்துக்கு அவரைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தேன், அதுவரை மென்ற வெற்றிலையைத் துப்பக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அந்த ஆவடிக்கே ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கேம்ப் கேன்டீனில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சாயங்காலம் ஆடுவதற்கு ஒரு பாண்டு வைத்திருந்தார்கள். அதில் ஆளைவிட உயரமான பிடில் ஒன்று. தோளில் வைத்து வாசிக்க முடியாது, பக்கத்தில் நிறுத்திக் கட்டிப்பிடித்துக்கொண்டு விரலால் சுண்ட வேண்டும். நான் அதற்கு யானைப் பிடில் என்று பெயர் வைத்தேன். ஆவடி வெயிலில் அதன் பலகை வாயைப் பிளந்துகொண்டு, தந்தியெல்லாம் தாறுமாறாகிக் கிடந்தது. அதை வாசிக்கிற சிவந்த மீசை சார்ஜன்ட், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட தகப்பன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றான்.

அண்ணாத்தே மைக் செட்டுக்கு வருவதற்கு முன்னால் பட்டணத்தில் ஒரு வாத்தியக் கடையில் தம்பூராவும் பிடிலும் ஆர்மோனியமும் பழுது பார்த்தவர். யானைப் பிடிலைச் சுற்றி வந்தார். வயிற்றில் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, கஷ்டப்பட்டு எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"குதிர சரியில்ல தம்பி. கால அறுக்கணும்."

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. வெளியே ஓடிப் போய் லச்சுமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கிட்டே வந்தால் கொலை விழும் என்று நின்றேன். அவரும் சார்ஜன்ட்டும் என் பின்னாலேயே ஓடி வந்தார்கள். அவர் தரையில் கோடு போட்டு விளக்கினார். தந்தியைத் தாங்கிக்கொண்டு பிடிலின் மேலே நிற்கிற மரத்துண்டுக்குத்தான் குதிரை என்று பேராம். அதற்கு இரண்டு கால் இருக்கிறதாம். அந்தக் காலைக் கொஞ்சம் இழைத்தால் தந்தி கீழே இறங்கி விரலுக்கு இதமாக இருக்குமாம். இந்தக் குதிரைக்கு நான்கு கால் என்று நான் காட்டினேன். சார்ஜன்ட்டுக்கு ஒரு எழவும் புரியவில்லை, ஆனாலும் லச்சுமிக்கு ஒரு பிஸ்கோத்து கொடுத்தான்.

அந்தக் காலை அவர் இழைத்த பக்குவத்தைப் பார்க்க வேண்டும். ஒரு சீவல் எடுப்பார், நிறுத்தி வைப்பார், சுண்டுவார், கேட்பார். மறுபடி ஒரு சீவல். பிளந்த பலகையை வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டினார். பிடிலின் வயிற்றுக்குள்ளே ஒரு குச்சி நட்டுக்கொண்டிருக்க வேண்டுமாம், அது விழுந்து கிடந்தது. வளைந்த கம்பியை ஓட்டை வழியாக விட்டு அதை எழுப்பி நிறுத்துவதற்குள் ஒரு முழு மத்தியானம் போயிற்று. எல்லாம் முடிந்து சார்ஜன்ட் ஒரு சுண்டு சுண்டினான். தொம் என்றது. என் வயிற்றில் காலையில் தின்ற களி அசைந்தது.

ஆனால் பாண்டு மொத்தமும் வாசிக்கும்போது, ஊதுகுழலும் டிரம்மும் பூட்ஸ் சத்தமும் சேர்ந்து தொம்மை விழுங்கிவிட்டன. சார்ஜன்ட் மைக்கைக் காட்டினான், பிடிலைக் காட்டினான், கையெடுத்துக் கும்பிட்டான். மைக்கைப் பிடிலுக்கு முன்னால் வைத்துத் திருகைத் திருப்பியவுடன் நரி வந்தது. தள்ளி வைத்தோம், நரி. பிடிலுக்குள் சாக்கைத் திணித்தோம், அப்போதும் நரி. மூன்று நாள் இதே கூத்து. நான்காம் நாள் அண்ணாத்தே மைக்கைத் தண்டிலிருந்து கழற்றினார். துணியில் சுற்றினார். பிடிலின் குதிரைக்குக் கீழே மரத்தோடு மரமாக இறுக்கிக் கட்டினார்.

"காத்துல வர்ற சத்தம் வாணாம் தம்பி. மரத்துல வர்றது போதும்."

நரி வரவே இல்லை. இன்னொரு சங்கடம் மட்டும் இருந்தது. தகரக் கூம்புக்குத் தொம் சொல்ல வராது, டங் என்றுதான் சொல்லும். அதற்கும் வழி செய்தார். கேம்பில் சாமான் வந்து இறங்கிய பெரிய மரப்பெட்டி ஒன்றில் வட்டமாக ஓட்டை போட்டு, பழைய ரேடியோவிலிருந்து எடுத்த காகித ஸ்பீக்கரை அதில் பொருத்தினார். அன்று சாயங்காலம் அந்தப் பெட்டி தொம் என்றதும் மேஜைமேல் இருந்த தகரக் குவளைகள் ஒவ்வொன்றாக நகர்ந்து போய்க் கீழே விழுந்தன. சார்ஜன்ட் அண்ணாத்தேயைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். பிறகு இறக்கிவிட்டுப் பெயர் கேட்டான். அண்ணாத்தே சொன்னார். அவன் தலையை ஆட்டினான். அவனுக்கும் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இனிமேல்தான் முக்கியமான சங்கதி.

கொரட்டூரில் ஒரு ரைஸ் மில் இருந்தது. அதன் என்ஜினை ஓட்டுகிறவர் முப்பது வருஷமாக அந்தத் தடதடப்புக்குப் பக்கத்திலேயே நின்று காதைத் தொலைத்திருந்தார். ஆனால் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். காது நன்றாகத்தான் கேட்கிறது, இந்தக் காலத்துப் பசங்கள்தான் வாய்க்குள் பேசுகிறார்கள் என்பார். யாராவது உரக்கப் பேசிவிட்டால், நான் இன்னா செவிடனா என்று சண்டைக்கு வருவார். அவரை எதிர்த்து உரக்கப் பேசலாம் என்று உரிமை உள்ள ஒரே ஜீவன் அவர் மகள். சின்ன வயசிலிருந்து அப்பாவோடு பேசிப் பேசி அவள் தொண்டை அப்படியே அமைந்துவிட்டது. அவள் ஒரு முறை கோழியைக் கூப்பிட்டால் வில்லிவாக்கத்துக் கோழிகள் பாதி தூரம் வந்து திரும்பிப் போகும் என்பார்கள்.

ஆயுத பூஜைக்கு மில்லில் மைக் கட்டப் போனோம். அண்ணாத்தே ஏணியில் நிற்கிறார். "கூம்பு சாயுது பாரு" என்று அவள் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். திடுக்கிட்டு அவர் இரண்டு படி இறங்கிவிட்டார். கயிறு எங்கே இருக்கிறது என்று வழக்கம்போல உதட்டை அசைத்தார். நான் "ஆங்?" என்றேன். அவளோ, "கவுறு உங்க தோள்ல கீது" என்றாள். அவர் அப்படியே நின்றுவிட்டார். என்ஜின் ஓடுகிற இடத்தில் வளர்ந்தவளுக்கு உதட்டைப் பார்த்தே பேச்சு புரியும், அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அவருக்கு அது அவ்வளவு மட்டுமா? பிறந்ததிலிருந்து அவர் பேச்சுக்கு முதல் தடவையிலேயே பதில் சொன்ன முதல் ஆள் அவள். திரும்பி வரும்போது வண்டியில் வால்வுகளைத் தம் மடியில் வைக்க மறந்து என் மடியில் வைத்தார். எனக்குக் காரியம் விளங்கிவிட்டது.

அப்புறம் கொரட்டூர் வழியாகப் போகாத ஊரே எங்களுக்கு இல்லை. பூந்தமல்லிக்குப் போனால்கூடக் கொரட்டூர் வழிதான். லச்சுமிக்கு அது சுற்று வழி, எனக்குச் சிரிப்பு வழி. மில் வாசலில் அவர் இறங்கி நிற்பார், அவள் கத்துவாள், அவர் உதட்டை அசைப்பார். அவள் பேசுகிற பாதியை மட்டும் கேட்டாலே இவர் என்ன பேசியிருப்பார் என்பது தெருவுக்கே தெரிந்துவிடும்.

பெண் கேட்கப் போனோம். அவருக்குப் பெரியவர்கள் யாரும் இல்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், நான் துணை. நான்தான் பேச்சை எடுத்தேன். என்ஜின்காரர் என்னை நிறுத்தினார். பெரிய மகளைத் தரகன் பேச்சை நம்பிக் கொடுத்து அவள் படாத பாடு படுகிறாள், இனிமேல் கட்டிக்கொள்கிறவன் வாயால் கேட்டால்தான் கொடுப்பேன் என்றார். நியாயம்தானே? என்ன செய்வது. அண்ணாத்தே எழுந்து நின்றார். வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார். உதடும் என்ஜின்காரருக்குத் தெரியாமல் போயிற்று, ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்த மகளுக்கு மட்டும் தெரிந்தது. கேட்டார். எனக்குத் தெரியும், கேட்டார்.

என்ஜின்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கேக்கல" என்றார்.

மறுபடி கேட்டார். "கேக்கல." மூன்றாம் தடவையும் அதேதான். நாங்கள் தட்டோடு திரும்பினோம்.

அந்த ஒரு சொல் செய்த வேலையைப் பாருங்கள். அவன் பெண் கேட்டானா என்று மில்லில் விசாரித்தவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன பதில், கேக்கல. காதில் விழவில்லை என்று எந்தச் செவிடன் ஒப்புக்கொள்வான்? அவன் கேட்கவில்லை என்று ஊர் எடுத்துக்கொண்டது. வந்தான், உட்கார்ந்தான், தண்ணீர் குடித்தான், கேட்காமலே போய்விட்டான் என்று ஆயிற்று. அவர் கேட்டார், எனக்குக் கேட்டது என்று மகள் கத்திப் பார்த்தாள். பொண்ணு கேட்கிறவன் என்னிடம் கேட்காமல் உன்னிடம் ஏன் கேட்டான் என்று அவர் இன்னும் கோபித்துக்கொண்டார். அடுத்த வாரமே திருவேற்காட்டிலிருந்து ஒரு சம்பந்தப் பேச்சு வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தட்டு மாற்ற வருகிறார்கள். புதன்கிழமை நான் மில்லைத் தாண்டும்போது அவள் வாசலில் நின்று எனக்கு இந்தச் சேதியைச் சொன்னாள். கொரட்டூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவருக்குக்கூடக் கேட்டிருக்கும். உள்ளே உட்கார்ந்திருந்த அப்பாவுக்குத்தான் கேட்கவில்லை.

"வெள்ளிக்கெயமக்குள்ள வந்து கேக்கச் சொல்லுண்ணா. இல்லனா நான் ஏரில உயுந்துடுவேன்."

சொல்லிவிட்டு அழுதாள். சத்தம் போடாமல் அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

வியாழக்கிழமை மேனாம்பேட்டில் அவர் வீட்டில் ஒத்திகை. தம் மைக்குக்கு முன்னால் அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. பேசினார், கூம்பில் ஒன்றும் வரவில்லை. திருகைத் திருப்பினோம், கொஞ்சம் காற்று வந்தது. இன்னும் திருப்பினோம், அவர் குரல் வருவதற்குள் நரி வந்துவிட்டது. லச்சுமி முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். பிடித்துக்கொண்டு வந்து மறுபடி பார்த்தோம், மறுபடி நரி, மறுபடி லச்சுமி. மூன்றாம் தடவை அவளைத் துரத்திப் பிடித்துக்கொண்டு திரும்பிய எனக்கு மூச்சு இரைத்தது, கோபமும் வந்தது.

"வெள்ளக்காரன் பிடிலுக்கு வயி கண்டுபுட்ச்ச, உன் வாய்க்கு ஒரு வயி இல்லியா அண்ணாத்தே?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். எழுந்தார். மைக்கைத் தண்டிலிருந்து கழற்றினார். வேட்டியில் ஒரு முழம் கிழித்தார். சட்டையை அவிழ்த்து, மைக்கை நெஞ்சுக்குழிக்கு மேலே எலும்போடு எலும்பாக இறுக்கிக் கட்டினார். கூம்புக்குப் பதில் ஆவடி மரப்பெட்டி ஒன்றுதான் பாக்கி.

மறுநாள் காலையில் ஆவடிக்குப் போய் மரப்பெட்டியைக் கேட்டேன். தாலி கட்டுகிற மாதிரி என் கழுத்தில் மூன்று முடிச்சு போட்டுச் சார்ஜன்ட்டுக்குக் காட்டினேன். முதலில் யாரையோ தூக்கில் போடப் போகிறார்கள் என்று நினைத்து மிரண்டான். பிறகு புரிந்துகொண்டு, அவனே பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான்.

மில்லில் அன்று என்ஜினை நிறுத்தித் துடைக்கிற நாள். முற்றத்தின் நடுவே பெட்டியை இறக்கினோம், ஒயரை இழுத்தோம், வால்வுகளைச் செருகினோம். அண்ணாத்தேயின் சட்டைக்குள்ளிருந்து ஒயர் தொங்கியது. என்ஜின்காரர் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். எங்களைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். உட்காருவதற்கு நாங்கள் கொண்டுவந்த ஆசனம் என்று நினைத்தாரோ என்னவோ, அதன்மேலேயே உட்கார்ந்து காலை ஆட்ட ஆரம்பித்தார். ஐயோ, அதன்மேல் உட்காரக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணாத்தே என் கையை அழுத்தினார்.

சுவிட்சைப் போட்டேன். வால்வு சூடாகும்வரை ஒன்றுமில்லை. பிறகு பெட்டி பேசியது.

தொம், தொம். தொம், தொம்.

அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். என்ஜின் போட்டாச்சா என்று ஒருவர் கேட்டார். என்ஜின்காரருக்கும் அதே சந்தேகம். திரும்பி என்ஜினைப் பார்த்தார், அது சும்மா கிடந்தது. காலை ஆட்டுவதை நிறுத்தினார். பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். முப்பது வருஷம் என்ஜினைக் கையால் தொட்டே நோய் கண்டுபிடித்த மனிதர் அவர். கையை வைத்துக்கொண்டே ஒயரைக் கண்ணால் தொடர்ந்து போனார், அது அண்ணாத்தேயின் சட்டைக்குள் நுழைந்த இடத்தில் அவர் கண் நின்றது.

கேளுங்கள் அண்ணாத்தே, இப்போதாவது கேளுங்கள் என்று நான் முதுகில் குத்தினேன். அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பயத்தில், இருந்த கொஞ்சநஞ்சக் குரலும் போய்விட்டது. எல்லாம் தொலைந்தது என்று எனக்குக் கண் இருட்டியது.

அந்த நேரம் பார்த்து அவள் தண்ணீர்ச் சொம்போடு வாசலுக்கு வந்தாள்.

தொம்தொம்தொம்தொம் என்று பெட்டி பிய்த்துக்கொண்டு ஓடியது. என்ஜின்காரர் பெட்டியோடு சேர்ந்து குலுங்கினார். அவள் பயந்து உள்ளே போய்விட்டாள். தொம், தொம் என்று மெல்ல இறங்கியது. என்ன ஆயிற்று என்று மறுபடி தலையை நீட்டினாள். தொம்தொம்தொம்தொம். கூடியிருந்த பெண்பிள்ளைகளில் ஒருத்திக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, அது அடுத்தவளுக்குத் தொற்ற, முற்றமே சிரிக்க ஆரம்பித்தது. அண்ணாத்தே காது மடல்வரை சிவந்து, மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெஞ்சை மறைக்கக் கையை வைத்தார், பெட்டி இன்னும் பலமாக இடித்தது.

என்ஜின்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு கை பெட்டிமேல், மறு கையால் மகளுக்குச் சைகை.

"உள்ள போ" என்றார். போனாள். இறங்கியது.

"வெளிய வா." வந்தாள். ஏறியது.

புது பெல்ட் மாட்டிய என்ஜினைச் சோதிக்கிற மாதிரி மூன்று தடவை அவளை உள்ளே அனுப்பி, வெளியே கூப்பிட்டார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. மூன்றாம் தடவை அவளே சிரிப்பை அடக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் எழுந்தார். அண்ணாத்தேயிடம் வந்து, அந்த ஒல்லி நெஞ்சின்மேல் தம் எண்ணெய்க் கையை வைத்தார்.

"நீ இன்னும் கேக்கல. ஆனா எனக்குக் கேட்டுட்ச்சி" என்றார்.

திருவேற்காட்டாருக்குச் சொல்லியனுப்ப அவர் ஆள் தேடிக்கொண்டு போனார். சிரித்து முடித்துக் கூட்டமும் கலைந்தது. நான் ஒயரைச் சுருட்டலாமென்று போனேன். அவள் விடவில்லை. பேட்டரி தீரும்வரை அவள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாகவே இருந்தாள்.